வாத்துப் படம் போடலாமா?

புதிதாக முன்பள்ளிகளுக்கு ஆசிரியைகளாக வந்திருக்கும் உங்களில் பலர் என் போன் இலக்கத்தை எப்படியோ பிடித்துவிட்டீர்கள். முன்பள்ளிகளை மேற்பார்வை செய்த உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிறகு வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரி நட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், விடிந்ததும் ஒரு கார்ட்டூன் வந்து விழுகிறது. கீழே ஒரு வரி: "மிஸ், இது சின்னப் பிள்ளைகளுக்குப் போடலாமோ?" சிலருக்கு அதை எழுதவும் பஞ்சி, வெறும் கேள்விக்குறி மட்டும் வரும். நானும் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் மண்டையில் இன்னொருவர் பலகையால் போடுவதையும், படிக்கட்டில் உருளுவதையும், பழத்தோலில் வழுக்குவதையும் பார்க்கிறேன். இந்த வயதில் இது உனக்குத் தேவையோ என்று என் மனுசன் கேட்பார். கேட்டுவிட்டு அவரும் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார்.

உங்களுக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிபட்டு விழுந்து சிரிக்க வைக்கிற படம் ஒன்றைத் தனியே வைத்துப் பார்த்து, இது நல்லது, இது கூடாது என்று சொல்ல எனக்குத் தெரியாது. எந்தப் பிள்ளை பார்க்கிறது, பார்த்துவிட்டு என்ன செய்கிறது, அந்தப் பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், இடையிலே உள்ளே இறங்கிப் போனால் வருகிற ஒரு முன்பள்ளிதான் இதை எனக்குப் படிப்பித்தது. அங்கே நடந்ததை, உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு எடுங்கள், என் கத்தரிக்கும் தண்ணீர் ஊற்ற நேரம் கிடைக்கும்.

அரைச் சுவர் வைத்த ஒரு மண்டபம், பக்கத்தில் தகரம் போட்ட ஒரு குசினி. அவ்வளவுதான் அந்த முன்பள்ளி. தாய்மார் முறை வைத்து வந்து அந்தக் குசினியில் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் தன் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ரிவி வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்பது ரீச்சரின் தலைவலி. அந்த ரீச்சரின் பெயர் ஜெயந்தி. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் கச்சான் போட்டுப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. எங்களோடு கதைக்கும்போது எங்களைப் போலவே கதைப்பாள். சந்தோசமோ பயமோ கூடிவிட்டால் மட்டும் வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

ஒரு நாள் காலை அவள் போன் எடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

"மிஸ், பேசிட்டா மிஸ். ஆதிரை பேசிட்டா."

ஆதிரைக்கு நாலு வயது. வீட்டில் தாயோடு மெல்லக் கதைப்பாளாம். முன்பள்ளிக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள். தண்ணீர் முடிந்தால் போத்தலைக் கவிழ்த்துக் காட்டுவாள். ஒருமுறை நான் போயிருந்த நேரம் விழுந்து முழங்கால் உரிந்துவிட்டது. அப்போதுகூட இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதாள். அடுத்த வருசம் அவளுக்குப் பெரிய பள்ளிக்கூடம். அங்கே வகுப்பு நிறையப் பிள்ளைகள். கதைக்காத பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு மறந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் ஜெயந்திக்கும் இருந்தது. அதற்கு முன்னால் எப்படியாவது அவளுடைய குரலை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நாங்கள் பாட்டுப் பாடினோம், பொம்மை ஆட்டினோம், கிளி மாதிரி, குரங்கு மாதிரி எல்லாம் நடித்தோம். ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் அதைச் செய்தது ஒரு வாத்து. ஒரு தடித்த சமையல்காரர் வாத்தொன்றைப் பிடித்துக் கறி வைக்கப் பார்க்கிறார். வாத்து ஓடுகிறது. அவர் ஓங்குகிற சட்டி அவருடைய மண்டையிலேயே விழுகிறது, மாப்பெட்டிக்குள் தலைகீழாகப் போகிறார், எண்ணெயில் வழுக்குகிறார், கடைசியில் அடுப்பு வெடித்து முகமெல்லாம் கரியாகி இரண்டு கண் மட்டும் முழிக்கிறது. படத்தில் ஒருவரும் ஒரு சொல் கதைப்பதில்லை. சட்டி விழுந்தபோது ஆதிரை சிரித்தாளாம், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. படம் முடிந்ததும் எழும்பிப் போய் ஜெயந்தியின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "திருப்பிப் போடுங்கோ ரீச்சர்" என்றாளாம்.

அந்தச் சந்தோசம் அந்தக் கிழமை முடியும்வரைகூட நிற்கவில்லை. பெற்றோர் சங்கத் தலைவரிடமிருந்து அடுத்த அழைப்பு வந்தது. உழவு மெசின் வைத்திருப்பவர். மெசின் ஓடாத நேரத்திலும் அது ஓடுகிற மாதிரித்தான் கதைப்பார்.

"மிஸ், அந்த அடிபிடிப் படத்தாலை பெரிய கரைச்சல். ஆதிரையின்ரை தாய் பிள்ளையை நிப்பாட்டிப்போட்டா. படம் ஓடுற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பமாட்டாவாம். அடிக்கப் பழக்குதாம். நீங்கள் வந்து ஒரு முடிவைச் சொல்லுங்கோ."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிள்ளையை முதன்முதல் சிரிக்க வைத்த படம். அதைப் போட்டால் பிள்ளை வராது. நிறுத்தினால் பிள்ளை வரும், வாயைப் பொத்திக்கொண்டு இருக்கும். ஜெயந்தியைக் கேட்டால், "நீங்க வந்து பாருங்க மிஸ்" என்பதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. தலைவர் அவளை நல்லாய் ஏசியிருந்தார் என்பது பிறகுதான் தெரியும். பதில் சொல்லாமல் வாங்கிக் கட்டியிருக்கிறாள்.

சங்கத்தார் படத்தைப் பார்த்து முடிவெடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பார்ப்போம் என்றார் தலைவர். பிள்ளைகள் இல்லாமல் பிள்ளைகளின் படத்தைப் பார்த்து என்ன முடிவு எடுக்கிறது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தாயிடமும் ஆள் அனுப்பி, ஆதிரையைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை வரும்படி கேட்டேன். பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். தலைவரும் வேறு இரண்டு தகப்பன்மாரும் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, மிகவும் பொறுப்பான முகத்தோடு இருந்தார்கள். ஆதிரையின் தாய் சுபாசினி உள்ளே வரவில்லை. அரைச் சுவருக்கு வெளியே நின்றாள். ஆதிரை மட்டும் சுவரை ஒட்டி உள்ளே நின்றாள்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுகிற எதையும் பார்க்கப் போனால், ரிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தபடி இருப்பேன். படத்தை வீட்டிலும் பார்க்கலாம். பிள்ளையின் முகம் அந்த நேரத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். இதைக் கண்டு எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள், தலைவரும் சிரித்தார். "மிஸ்ஸுக்குக் கண் பிடரியிலை போல" என்றார்.

படம் ஓடியது. சட்டி விழுந்தது. முதலில் சிரித்தது தலைவர்தான். அடிபிடி கூடாது என்று முடிவெடுக்க வந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சமையல்காரர் மாப்பெட்டிக்குள் போன இடத்தில், அந்தச் சின்னக் கதிரை அவரைத் தாங்கினது போதும் என்று கால் மடங்கிவிட்டது. ஆள் நிலத்தில்.

அப்போது பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லாம் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தன. ஒரு சின்னன் எழும்பிப் போய், "மாமா, நொந்ததோ?" என்று கேட்டது. அவர் இல்லையென்று சொல்லிச் சிரித்த பிறகுதான் மண்டபம் கலகலத்தது. நாங்கள் பெரிய ஆட்கள் பயப்படுகிற அளவுக்குப் பிள்ளைகள் மொக்குகள் இல்லை. சமையல்காரர் எது, மாமா எது என்று அவர்களுக்குத் தெரியும். இன்னொன்றும் கண்டேன். படத்தைப் பார்த்துக்கொண்டே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாயில் விழுந்து விளையாடினார்கள். எல்லோருக்கும் சமையல்காரராக இருந்து விழத்தான் ஆசை. அடிக்கிற வேலைக்கு ஆள் இல்லை. இதைக் கவனியுங்கள். பிள்ளை யாராக நடிக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் அடிக்கிற ஆளாக வரச் சண்டை பிடித்தால், அந்தப் படத்தை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பிறகு ஆதிரையைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறி வருவது தெரிந்தது. வந்ததும் அவள் திரும்பித் தாயைப் பார்த்தாள். உடனே இரண்டு கையும் வாயைப் பொத்திக்கொண்டன.

அவள் பார்த்த பக்கமாக நானும் பார்த்தேன். சுபாசினியின் கண் ரிவியில் இல்லை, நிலத்தில் இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய கைவிரல்கள் அரைச் சுவரின் விளிம்பை இறுக்கிப் பிடித்தன. அடுப்பு வெடிக்கப் போகிற இடம் வருவதற்கு முன்பே அவள் அங்கே இல்லை. கிணற்றடிக்குப் போய்விட்டாள். இத்தனை வருசமாகப் பிள்ளைகளின் முகத்தையே பார்த்துப் பழகிய எனக்கு, பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறவர்களின் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

படம் ஓடிக்கொண்டிருக்கவே எழும்பிப் போனேன். கிணற்றுக் கட்டில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவளே தொடங்கினாள்.

"அடிபிடி எண்டு நான் சொன்னது சும்மா மிஸ். எனக்குச் சத்தந்தான் ஏலாது. ரீச்சர் படத்தைத் திரும்பப் போட்ட அண்டைக்கு என்ரை முறை. கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிண்டனான். உள்ளை வெடிச்சுது. படமெண்டு தெரியும், தெரிஞ்சாலும் உடம்பு கேக்கேல்லை. ஓடிப்போய் இவளை இழுத்து நிலத்திலை போட்டு மேலை படுத்திட்டன். மற்றப் பிள்ளையள் விளையாட்டெண்டு நினைச்சு என்ரை முதுகிலை வந்து ஏறினதுகள்."

சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"ரீச்சர் கண்டவா. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு அவாவைக் கும்பிட்டனான். ஊருக்குத் தெரிஞ்சால் பைத்தியம் எண்டுதான் கதைப்பினம்."

ஜெயந்தி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போது விளங்கியது. தலைவரிடம் அத்தனை ஏச்சு வாங்கியும் இவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

"சண்டை நேரம் பங்கருக்குள்ளை இருந்தது எல்லாருந்தான்," என்றாள் சுபாசினி. "எல்லாரும் நல்லாத்தானே இருக்கினம். எனக்கு மட்டும் கதவு அடிச்சாலும் நெஞ்சு பதறுது. இவள் பிறந்ததிலையிருந்து மெல்ல, மெல்ல எண்டு சொல்லித்தான் வளத்தனான். இப்ப சொல்லவும் தேவையில்லை. சிரிப்பு வந்தால் அவளே வாயைப் பொத்துவாள்."

தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவள் போல என்னைப் பார்த்தாள்.

"எனக்காகத்தான் பொத்துறாள் என்ன, மிஸ்?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம்" என்றேன். "உங்களிலை அவ்வளவு பாசம்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அந்தச் சத்தம் எனக்கும் தெரிந்த சத்தம்தான், ஆனால் ஒவ்வொரு உடம்பும் அதை ஒவ்வொரு விதமாக வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு கிளினிக் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை, முதல் நாள் நானும் கூட வருகிறேன் என்றேன். பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். "வெடிச்சு ஆள் கரியாகிறதைப் பாத்து இவளுக்குச் சிரிப்பு வருது மிஸ். அவளுக்குத் தெரியாது, தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது. எண்டாலும் என்னாலை பாத்துக்கொண்டு நிக்கேலாமல் கிடக்கு."

உள்ளே படம் முடிந்து, தலைவர் என்னைத் தேடிக் குரல் கொடுத்தார். முடிவு சொல்ல வேண்டும். கிணற்றடியில் கேட்டதில் ஒரு சொல்கூட அந்த மண்டபத்துக்குள் விழக்கூடாது. ஜெயந்தியின் தலையும் தப்ப வேண்டும். ஆதிரை நாளைக்கு வர வேண்டும். கிணற்றடிக்கும் மண்டபத்துக்கும் இடையிலிருந்த அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் நான் யோசித்து முடித்தாக வேண்டியிருந்தது. என்னுடைய முழு உத்தியோகத்திலும் நான் அவ்வளவு மெல்ல நடந்ததில்லை.

"சட்டி விழலாம்," என்றேன். "மாப்பெட்டிக்குள்ளை போகலாம், வழுக்கலாம். அடுப்பு வெடிக்கிற துண்டு வேண்டாம். மிதிவெடி கிடக்கெண்டு கயிறு கட்டிச் சிவப்புப் பலகை நட்ட காணி இஞ்சை இன்னும் கிடக்கு. வெடிச்சால் முகம் கரியாகும், பிறகு எழும்பி ஓடலாம் எண்டு எங்கடை பிள்ளையள் படிக்கக் கூடாது. மிச்சப் படத்துக்கும் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் போடுங்கோ. சின்னக் காதுகளுக்கு அவ்வளவு சத்தம் கூடாது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லாமல் விட்டது என்னோடு இருந்தது.

"சத்தமில்லாமல் என்ன படம் மிஸ்?" என்றார் தலைவர், உடைந்த கதிரையைக் கையில் வைத்துக்கொண்டு. "அப்ப அடிபிடி?"

"பிள்ளையளை விட நீங்கள்தானே கூடச் சிரிச்சனீங்கள். நாளைக்கு ஆரையும் அடிப்பியளோ?"

அவர் தலையைச் சொறிந்தார். கூட வந்த தகப்பன்மார் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். அதோடு கூட்டம் முடிந்தது.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். சத்தம் இல்லாமல் போனால் அந்தச் சிரிப்பும் போய்விடுமோ, பிள்ளையை மறுபடி பழைய இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறேனோ என்று. சுபாசினியின் கஞ்சி முறை திரும்ப வருகிற நாள் எதுவென்று ஜெயந்தியிடம் கேட்டு வைத்து, அன்றைக்கு நானும் போனேன். வழக்கம்போல ரிவிக்கு முதுகைக் காட்டி இருந்தேன். இந்த முறை குசினி வாசலும் தெரிகிற மாதிரிக் கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

ஜெயந்தி படத்தைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ரீச்சர், பழுதாப்போச்சு" என்றது ஒன்று. எனக்குப் பின்னால் வாத்து ஓடியிருக்கும், சமையல்காரரும் ஓடியிருப்பார். குசினியில் அகப்பை பானையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சட்டி முதல் தரம் விழுந்தபோது, பாயின் மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல், "டொங்" என்றது.

ஆதிரை. எல்லாப் பிள்ளைகளும் அவளைத் திரும்பிப் பார்த்தன. அடுத்தது வழுக்கியது. "சர்ர்ர்" என்றாள், இன்னும் கொஞ்சம் பலமாக. ஒரு பிள்ளை அவளைப் பார்த்துத் தானும் "சர்ர்ர்" என்றது. பிறகு கேட்க வேண்டுமா? படத்தின் சத்தம் முழுவதையும் அவர்களே வாயால் போடத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு நடுவில் தனியே தெரிந்தது ஆதிரையின் குரல்தான். அவ்வளவு பெரிய குரல் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. சுபாசினி வாசலுக்கு வந்தாள். ஆதிரை தாயைக் கண்டாள். கண்டதும் இரண்டு கையும் வாய்க்குப் போய்விட்டன. மற்றப் பிள்ளைகளும் ஏனென்று தெரியாமலே நிறுத்திவிட்டார்கள். ஜெயந்தி என்னைப் பார்த்தாள், நான் குசினி வாசலைப் பார்த்தேன்.

சுபாசினியின் முகம் வெளிறியிருந்தது. ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ரிவியை நிமிர்ந்து பார்த்தாள், நான் கண்டு அதுதான் முதல் தரம். எனக்குப் பின்னால் சமையல்காரர் சட்டியை ஓங்கியிருக்க வேண்டும், பிள்ளைகளின் கண்கள் அகன்றதிலிருந்து எனக்குத் தெரிந்தது. சட்டி விழுந்தும் இருக்க வேண்டும். அவள் வாய் திறந்து மூடியது. பிறகு, சரியாகக் கேட்கவும் இல்லாத ஒரு குரலில், சுபாசினி சொன்னாள்.

"டொங்."

ஆதிரை தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"பிந்திட்டியள் அம்மா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இஞ்சை வந்து எனக்குப் பக்கத்திலை இருங்கோ. எப்ப எண்டு நான் சொல்லுறன்."